குசினிப் புகையும் குடும்ப நலமும்

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் தம் பயிரை நோய் தாக்காவண்ணம் கண்ணுங் கருத்துமாய்க் காத்து வருகின்றனர். இலையில் ஒரு புள்ளி தோன்றினும் அது நீரினால் வந்ததா, மண்ணினால் வந்ததா, பூச்சியினால் வந்ததா என ஆராய்ந்து, காரணத்தை அறிந்த பின்னரே பரிகாரம் தேடுவர். ஆயின், தம் வீட்டினுள் நாள்தோறும் எழும் விறகுப் புகையை ஒரு நோய்க் காரணமென எண்ணுவோர் மிகச் சிலரே. கண் கரிப்பதும் இருமல் வருவதும் அடுப்படியில் நிற்பவர்க்கு இயல்பென்று கருதி விடுகின்றனர். இஃது இயல்பன்று. தவிர்க்கத்தக்க இத்தீங்கின் தன்மையும், அதனைக் குறைக்கும் வழிகளும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

1. நமுனுகுலப் பகுதியில் அடுப்பெரியும் முறை

இலங்கையில் 2012ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டின்படி, நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்ட குடும்பங்கள் விறகைக் கொண்டே சமைத்தன. 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலையின் சாரலிலும், பசறை, பதுளை, ஹாலிஎல, பண்டாரவளை ஆகிய அயற்பகுதிகளின் தோட்டங்களிலும் கிராமங்களிலும் விறகே இன்றும் பலருக்கு முக்கிய எரிபொருள். கவ்வாத்துக் காலத்தில் கிடைக்கும் தேயிலை மிலாறு, நிழல் மரக் கிளைகள், வேலியோரத்துக் கிளிரிசிடியா, யூக்கலிப்டஸ் சுள்ளி முதலியன அடுப்பிற்குச் செல்கின்றன.

இங்கு இரு காரணங்களாற் புகையின் தீங்கு மிகுகின்றது. முதலாவது குளிர். மழையும் பனியும் உள்ள மாதங்களில் கதவையும் சாளரத்தையும் மூடிவைத்தே சமைக்கின்றனர். குழந்தைகளும் முதியோரும் வெப்பத்தை நாடி அடுப்பைச் சூழ்ந்து அமர்கின்றனர். இரண்டாவது வீட்டின் அமைப்பு. பழைய லயன் அறைகளிற் சமையலுக்குத் தனியிடம் இல்லாமையால், இஸ்தோப்பு என வழங்கும் முன்தாழ்வாரத்திலோ, உறங்கும் அறையை ஒட்டிய சிறு ஒதுக்கிலோ அடுப்பை வைக்க நேர்கின்றது. பல லயங்களில் இடைச்சுவர் கூரைவரை எட்டாததால், ஒரு வீட்டுப் புகை அடுத்த வீட்டிற்கும் பரவுகின்றது.

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 1,500 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக விற்ற 12.5 கிலோகிராம் சமையல் எரிவாயுச் சிலிண்டரின் விலை, 2022 சித்திரை மாதத்தில் 4,860 ரூபாவாக உயர்ந்தது. வாயு கிடைப்பதும் அரிதாயிற்று. அக்காலத்தில் எரிவாயுவை விட்டு விறகடுப்பிற்கு மீண்ட குடும்பங்கள் பல. ஆகவே, விறகை ஒழிக்குமாறு கூறி முடித்தல் போதாது. விறகைத் தீங்கு குறைய எரிக்கும் முறையையும் அறிதல் வேண்டும்.

2. புகையில் அடங்கியவை

விறகு முற்றாக எரியுமாயின் கரியமில வாயுவும் நீராவியும் சாம்பலுமே எஞ்சும். ஈரமும் காற்றோட்டக் குறைவும் உள்ள அடுப்பில் அது முற்றாக எரிவதில்லை. எரியாது எஞ்சிய பொருளே புகையாக வெளிவருகின்றது. புகை மிகுந்த அடுப்பில் விறகும் வீணாகின்றது என்பதை இதனால் அறியலாம்.

புகையிலுள்ள தீய பொருள்களுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 2.5 மைக்ரோனுக்கும் குறைந்த பருமனுடைய நுண்துகள். இது தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே ஆதலால், மூக்கினாலும் தொண்டையினாலும் தடுக்கப்படாது நுரையீரலின் அடிவரை செல்லும். அதன் ஒரு பகுதி இரத்தத்திலும் கலக்கும். மற்றையது காபன் மொனொட்சைட்டு என்னும் நச்சு வாயு. இதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தம் ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஆற்றலை இது கெடுக்கும்.

ஒரு கன மீற்றர் காற்றில் நுண்துகள் ஒரு நாட் சராசரியாக 15 மைக்ரோகிராமிற்கு மேற்படலாகாது என உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டில் வரையறுத்தது. காற்றோட்டமில்லாத வீட்டில் விறகடுப்பு எரியும்போது இத்துகள் ஏற்கத்தக்க அளவினும் நூறு மடங்கு வரை மிகக்கூடும் என்றும் அந்த ஸ்தாபனம் கூறுகின்றது.

3. விளையும் நோய்கள்

(அ) சிறு பிள்ளைகள்: புகை, நுரையீரலின் இயற்கையான காப்பாற்றலைக் குறைப்பதால், ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கு நியூமோனியாக் காய்ச்சல் வருவது மிகுகின்றது. தாயின் இடுப்பிலோ முதுகிலோ இருந்து அடுப்படியிற் பொழுதைக் கழிக்கும் குழந்தை, தாய் உட்கொள்ளும் புகையையே உட்கொள்கின்றது.

(ஆ) சமைக்கும் பெண்கள்: பல்லாண்டு புகையை உட்கொண்டவர்க்குச் சுவாசக் குழாய்கள் சுருங்கி நாட்பட்ட அடைப்பு நோய் உண்டாகின்றது. புகை பிடிக்கும் பழக்கம் சிறிதும் இல்லாத பெண்களும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். கொழுந்துக் கூடையுடன் மேடேறும்போதும், நாற்று நடும்போதும் முன்னில்லாத இளைப்புத் தோன்றுவது இதன் ஆரம்பக் குறியாக இருக்கலாம். கண்ணிற் படலம் விழுதலுக்கும் புகை ஒரு காரணமாகும்.

(இ) வயது வந்தோர் அனைவரும்: இருதய நோய், பாரிசவாதம், நுரையீரற் புற்றுநோய் ஆகியவற்றிற்கும் இப்புகை ஏதுவாகின்றது. நிலக்கரியை வீட்டினுள் எரித்தலால் எழும் புகை மனிதர்க்குப் புற்றுநோயை விளைவிப்பது உறுதி என்றும், விறகுப் புகை பெரும்பாலும் விளைவிக்கத்தக்கது என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது.

(ஈ) கருவுற்ற தாய்மார்: புகை மிகுந்த வீடுகளிற் பிறக்கும் குழந்தைகளிடையே நிறை குறைந்தவை கூடுதலாகக் காணப்பட்டுள்ளன.

உலகமெங்கும் 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 32 இலட்சம் மக்கள் வீட்டினுட் புகையினால் இறந்தனர் என உலக சுகாதார ஸ்தாபனம் கணித்தது. இவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்திற்கும் அதிகமானோர் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகள்.

4. தேயிலைத் தொழிற்சாலையில் உள்ள முறை

இப்பகுதி மக்கள் யாவரும் கண்டறிந்த ஓர் ஏற்பாட்டை இங்கு நினைவூட்டல் தகும். தேயிலைத் தொழிற்சாலையிலும் விறகே எரிக்கப்படுகின்றது. ஆனால் அவ்விறகின் புகை தேயிலையைத் தொடுவதில்லை. உலையிலுள்ள குழாய்களைச் சூடாக்கிவிட்டுப் புகை உயர்ந்த புகைபோக்கி வழியே வெளியேறுகின்றது. குழாய்களைச் சூழ்ந்து வெப்பமேறிய தூய காற்று மட்டுமே தேயிலையை உலர்த்துகின்றது. புகை சிறிது பட்டாலும் தேயிலையின் மணங் கெட்டு விலை வீழ்ந்துவிடும் என்பதே இதற்குக் காரணம்.

இதில் அடங்கிய விதிகள் மூன்று: உலர்ந்த விறகு, காற்று நன்கு புகும் உலை, புகைக்குத் தனி வழி. இம்மூன்றும் வீட்டு அடுப்பிற்கும் பொருந்துவன. தேயிலைத் தூளின் மணத்தைக் காக்கச் செய்யும் ஏற்பாட்டை, அதே தேயிலையைக் கொய்பவரின் நுரையீரலைக் காக்கவும் செய்தல் நியாயமே.

5. பிற நாட்டுக் கமக்காரர் கண்ட பயன்

சீனாவின் யுன்னான் மாகாணத்திலுள்ள சுவான்வெய் என்னும் பகுதியில், நிலக்கரியைப் புகைபோக்கியில்லாக் குழியடுப்பில் எரித்து வந்த 21,232 கமக்காரரைப் பற்றிய ஆய்வொன்று 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புகைபோக்கியுள்ள அடுப்பிற்கு மாறியவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் ஆண்களில் 41 சதவீதமும், பெண்களில் 46 சதவீதமும் குறைந்திருந்தது. எனினும், இப்பயன் தெளிவாகத் தெரிய ஏறக்குறையப் பத்தாண்டு சென்றது.

குவாத்தமாலா நாட்டின் குளிர்ந்த மலைப்பகுதியில் ஐந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளில் ஓர் ஆய்வு நடைபெற்று, அதன் முடிவு 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. புகைபோக்கி அடுப்புப் பெற்ற வீடுகளிற் பிள்ளைகள் உட்கொண்ட புகை பாதியளவாயிற்று. வைத்தியர் கண்ட நியூமோனியா நோயாளரின் மொத்தத் தொகையில் ஐயமின்றிக் கூறத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும், உயிருக்கு ஆபத்தான கடும் நியூமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு நாட்டுப் பகுதிகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்களைக் கொண்டு நடைபெற்ற பிறிதோர் ஆய்வில், ஒரு சாராருக்கு எரிவாயு அடுப்பும் வாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. அவர்கள் உட்கொண்ட நுண்துகள் மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. எனினும், பிறந்த குழந்தைகளின் நிறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

இவற்றால் அறிய வேண்டுவன இரண்டு. புகையைக் குறைத்தலால் நன்மையுண்டு என்பது ஒன்று. அந்நன்மை ஒரு மாதத்திலோ ஓராண்டிலோ முழுவதும் கிட்டிவிடாது என்பது மற்றொன்று. அடுப்பை மாற்றியவுடன் எல்லா நோயும் நீங்குமென்று எதிர்பார்த்து, நீங்காதபோது பழைய முறைக்குத் திரும்புதல் தவறாகும். பழமரம் நடுவோர் பலனுக்குச் சில ஆண்டு காத்திருப்பதுபோல இதிலும் பொறுமை வேண்டும்.

6. செய்ய வேண்டியவை

(அ) விறகை உலர்த்துதல்

இதற்குப் பணச் செலவில்லை. பச்சை மரத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி நீராகும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் வலிமை செலவாவதால் தீ குளிர்ந்து புகை மிகுகின்றது.

ஊவாப் பகுதியில் ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வரண்ட காற்று தேயிலைக்குச் சிறந்த மணத்தை அளிப்பதை யாவரும் அறிவர். அக்காற்றே விறகையும் நன்கு உலர்த்த வல்லது. பெரும்போக வேலைகள் குறையும் மாசி, பங்குனி மாதங்களில் விறகை வெட்டி, கையின் மணிக்கட்டினும் தடிப்பில்லாதபடி உடனே பிளந்துவிடல் வேண்டும். முழுக்கட்டையாக வைத்த விறகு உள்ளே ஈரமாகவே இருக்கும். பிளந்த விறகைக் கற்களின்மீது தரையினின்று அரை அடி உயர்த்தி, இடையிடையே காற்றுப் புகுமாறு அடுக்குக. மேலே தகரம் வேய்ந்து, பக்கங்களைத் திறந்து விடுக. ஐப்பசியிற் பெருமழை தொடங்குமுன் மூன்று மாதத் தேவைக்கான விறகேனும் கூரையின்கீழ் இருத்தல் நன்று.

உலர்ந்த விறகின் அடையாளங்கள்: நுனியில் வெடிப்புக் காணும், பட்டை எளிதிற் கழலும், இரண்டைத் தட்டினால் கணீரென ஒலிக்கும். ஒலி மந்தமாயின் இன்னும் ஈரமுண்டு. பைன் முதலிய பிசின் மரங்கள் கரிப்புகை மிகத் தருவன; அவற்றை வழக்கமாக எரித்தல் நன்றன்று. மிலாற்றையும் வெட்டிய உடனே எரியாது, கட்டுகளாகக் கட்டி உலர்த்தியே பயன்படுத்துக. மரக்கறித் தோட்டத்தின் வேலியோரத்திற் கிளிரிசிடியா நட்டால், தழை பசளையாகவும் கிளை விறகாகவும் உதவும்.

(ஆ) அடுப்பைத் திருத்துதல்

மூன்று கல் அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி பக்கங்களில் வீணாகின்றது. இலங்கையில் ஆக்கப்பட்டு 1980ஆம் ஆண்டுகள் முதல் பரவிய அனகி அடுப்பு, ஒரே தீயில் இரு பாத்திரங்களைச் சூடாக்கும் சுட்ட மண் அடுப்பாகும். இதனைப் பீடத்தின்மீது வைத்து, களிமண்ணும் மணலும் உமியும் குழைத்த கலவையால் சுற்றிலும் இரண்டு அங்குலத் தடிப்பிற்குப் பூசிக் காயவிடுக. இவ்வாறு செய்தால் அடுப்பு எளிதில் உடையாது, வெப்பமும் காக்கப்படும். மூன்று கல் அடுப்பினும் விறகு குறைவாகவே செலவாகும்.

ஆயின் ஒன்றை மறத்தலாகாது. அனகி அடுப்பிற்குப் புகைபோக்கியில்லை. விறகு குறைவதால் புகையும் ஓரளவு குறையுமேயன்றி, எஞ்சிய புகை குசினிக்குள்ளேயே தங்கும். ஆகையால் அடுத்துக் கூறுவதும் சேர்ந்தே செய்யப்படல் வேண்டும்.

(இ) புகைக்கு வழி அமைத்தல்

அடுப்பை வெளிச்சுவரை ஒட்டி, இடுப்பளவு உயரமான பீடத்தில் அமைக்குக. அதன்மேல் தகரத்தினாலான புகைக் கூண்டொன்றைத் தொங்கவிட்டு, அதன் உச்சியிலிருந்து ஒரு குழாயைக் கூரைக்கு வெளியே செலுத்துக. கூண்டு அடுப்பினும் அகன்றிருத்தல் வேண்டும். குழாயின் வாய் கூரை முகட்டினும் இரண்டு அடி உயர்ந்திருந்தாலன்றிக் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மழைநீர் புகாவண்ணம் வாயின்மேல் தொப்பி வைக்குக. ஓலைக் கூரையாயின் குழாய் ஓலையைத் தொடாதவாறு தகட்டினால் இடைவெளி அமைத்தல் அவசியம். அஸ்பெஸ்டஸ் துண்டுகளை இதற்குப் பயன்படுத்தலாகாது. மாதம் ஒருமுறை கரியைத் தட்டித் துப்புரவு செய்க.

லயன் அறைகளில் வாழ்வோர் கூரையிலோ சுவரிலோ துளையிடுமுன் தோட்ட அலுவலகத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும். ஒரு வீடு மட்டும் புகைபோக்கி அமைத்தால் அடுத்த வீட்டுப் புகை தொடர்ந்து வரும். ஆதலால் லயத்தார் அனைவரும் ஒன்றுகூடிக் கேட்டு, ஒரே காலத்தில் அமைத்தலே பயன் தரும். அதுவரையில் அடுப்புக்கு நேரான சாளரத்தையும் எதிர்க் கதவையும் சமைக்கும்போது திறந்து வைக்குக.

(ஈ) அடுப்பில் இடத்தகாதவை

தீ மூட்டுவதற்குப் பொலித்தீன் துண்டு, பழைய ரப்பர், உரப்பை முதலியவற்றைப் பயன்படுத்தும் வழக்கம் சிலரிடமுண்டு. இவற்றின் புகை விறகுப் புகையினும் கொடிது. பூச்சிநாசினிப் போத்தல்களையும் வெறும் பைகளையும் எக்காரணத்தாலும் அடுப்பில் எரித்தலாகாது. காய்ந்த சுள்ளியும் தென்னை மட்டையும் தீ மூட்டப் போதுமானவை.

(உ) சமைக்கும் நேரத்தைக் குறைத்தல்

பருப்பு, கடலை, பயறு ஆகியவற்றை முன்னிரவே ஊறவைத்தால் விரைவில் வேகும். பானையை மூடிச் சமைத்தால் விறகு மிஞ்சும். சமையல் முடிந்ததும் கட்டையைப் புகையவிடாது வெளியே எடுத்து மணலில் அணைத்துவிடுக.

(ஊ) புகையற்ற எரிபொருள்

இயன்றவர்க்கு எரிவாயு அல்லது மின்சாரமே மிகச் சிறந்தது. முழுச் சமையலுக்கும் இயலாதவர், விடியற்காலைத் தேநீருக்கும் குழந்தைக்குரிய உணவிற்குமேனும் மின்கேத்தலையோ எரிவாயுவையோ கொள்ளலாம். பழைய லயங்களில் மின்கம்பிகளைப் பரிசோதித்த பின்னரே சோறு சமைக்கும் மின்கலத்தைப் பொருத்துக. எரிவாயுக் குழாயின் இணைப்புகளிற் சவர்க்கார நீரைத் தடவி, குமிழி எழுகின்றதா எனப் பார்த்தல் நல்ல வழக்கம்.

மூன்று நான்கு மாடு வளர்ப்போர் சாணவாயுக் கலம் அமைக்கலாம். ஒரு கிலோகிராம் சாணத்திலிருந்து ஏறக்குறைய 40 லீற்றர் வாயு கிடைக்கும். நாளொன்றுக்கு 30 கிலோகிராம் சாணம் இடின், ஒரு சிறு குடும்பத்தின் சமையலுக்கு ஏறக்குறையப் போதும். குளிர்ந்த மாதங்களில் வாயு குறையுமாதலால், கலத்தை வெயில்படும் இடத்தில் அமைத்தல் வேண்டும். வெளிவரும் சாணக் கரைசல் போஞ்சி, கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு நல்ல பசளையாகும்.

7. இரவிற் கனலை உள்ளே வைத்தலாகாது

மார்கழி, தைக் குளிரில் தணல் நிறைந்த சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவை அடைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்தாகும். தணலிற் புகை தெரியாவிடினும், முன் கூறிய காபன் மொனொட்சைட்டு அதிலிருந்து மிகுதியாக வெளிவரும். தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, சோர்வு ஆகியன இதன் குறிகள். உறங்குபவர் இக்குறிகளை அறியாமலே இறந்துவிடக் கூடும். ஒரே அறையில் உறங்கிய பலருக்கு ஒருங்கே தலைவலி உண்டாயின், உடனே யாவரையும் வெளிக்காற்றிற்குக் கொண்டு சென்று வைத்திய உதவி பெறுக. குளிருக்குக் கம்பளியே தகும்.

8. விதைக்குப் புகை தேவையில்லை

சோளக் கதிரையும் மரக்கறி விதையையும் அடுப்பின்மேற் பரணிலே தொங்கவிட்டால் வண்டு அணுகாது என்பது முன்னோர் கண்ட உண்மை. இதற்காகப் புகைபோக்கி அமைக்கத் தயங்குவோர் உளர். விதையை வெயிலில் நன்கு உலர்த்தி, ஆறவிட்டு, உலர்ந்த சாம்பல் கலந்து, காற்றுப் புகாத தகரப் பேணியில் அடைத்து வைத்தால் அதே காப்புக் கிடைக்கும். நுளம்பைத் தடுக்க வலையே ஏற்றது.

9. வைத்தியரை நாட வேண்டிய குறிகள்

இருமலுடன் உள்ள பிள்ளையின் சுவாசத்தை, அது அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுக. இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தையில் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிரம்பும் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்னும் எண்ணை எட்டினாலோ மிஞ்சினாலோ, அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. மூச்சு வாங்கும்போது விலாவின் கீழ்ப்பாகம் உட்குழிந்தாலும், பிள்ளை பால் அருந்த மறுத்தாலும் தாமதித்தலாகாது. 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்ஸ் வண்டியை அழைக்கலாம். வயது வந்தோருக்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதித்தல் வேண்டும்.

10. முடிவாக

விறகை வெட்டிப் பிளந்து அடுக்கலும், பீடமும் கூண்டும் அமைத்தலும் ஆண்கள் செய்யத்தக்க வேலைகள். குசினி பெண்களுக்குரியது எனக் கூறி ஆண்கள் ஒதுங்கியிருந்தால் இத்திருத்தம் நடைபெறாது. இவ்வாண்டு விறகை உலர்த்துக. அடுத்து அடுப்பையும் புகைவழியையும் ஒருசேரத் திருத்துக. கைப்பணம் வாய்க்குந்தோறும் புகையற்ற எரிபொருளைக் கூட்டிக்கொள்க. சமைக்கும் வேளையிற் கைக்குழந்தையை வேறொருவர் வெளியே வைத்திருத்தலை இன்றே தொடங்கலாம். கிளிரிசிடியா நடுதல், சாணவாயுக் கலம் அமைத்தல் ஆகியன பற்றி மேலும் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.